சத்தம் விக்கிற ஊர்ல சத்தம் வாங்குற மருமகனுக்கு

மருமகனே, போன தீபாவளிக்கு ஒரு அட்டைப்பெட்டி வந்துச்சு. பொங்கலுக்கு ஒண்ணு வந்துச்சு. இப்ப ஆடித் தள்ளுபடின்னு இன்னொண்ணு வந்து வாசப்படியை அடைச்சுக்கிட்டு நிக்குது. உங்க தெருவுல பழைய பேப்பர் எடுக்கிறவரு இப்பல்லாம் குரல் குடுக்கிறதே இல்லையாம். நேரா வந்து உன் வீட்டுத் திண்ணையில உக்காந்துக்கிறாராம். எங்க அக்கா, அதான் உன்னையப் பெத்த மகராசி, போன் போட்டு, "தம்பி, இவன் பாட்டு கேக்கப் பொட்டி வாங்குறானா, பொட்டி வாங்குறதுக்குப் பாட்டு கேக்குறானான்னு எனக்கு விளங்கலப்பா. நீ ஒரு வார்த்தை சொல்லு"ன்னுச்சு. ஒரு வார்த்தையில முடியிற சோலியா இது? அதான் எழுதுறேன். அந்த உறுமுற பொட்டியைக் கொஞ்சம் அமத்திட்டுப் படி.

நீ பொழப்பு பாக்கிறது எங்க? சிவகாசியில, ஆப்செட் பிரஸ்ல. பட்டாசுப் பெட்டிக்கு லேபிள் போடுற ஆளு. உள்ள இருக்கிறது அதே லட்சுமி வெடி, அதே குருவி வெடி. போன வருசப் பெட்டிக்கு இந்த வருசம் புதுப் படம், புதுக் கலர், ஓரத்துல தங்க ஜிகினா. அதுதான உன் சம்பளம்? லேபிள்னா என்னன்னு ஊர் உலகத்துக்கே சொல்லிக் குடுக்க வேண்டியவன் நீ. அப்புறம் நம்ம விலைப்பட்டியல் இருக்கே, அது ஒரு தனிக் காவியம். கிஃப்ட் பாக்ஸ் 3,000 ரூபான்னு அச்சடிக்கிறது. அது மேல குறுக்க ஒரு சிவப்புக் கோடு. பக்கத்துல 80 சதம் தள்ளுபடி போக 600 ரூபா. அந்த 3,000 எந்தக் காலத்துலயும் யாரும் குடுத்த 3,000 இல்லன்னு சாத்தூர் ரோட்டுல கடை போட்டிருக்கிற அத்தனை பேருக்கும் தெரியும். வெளியூர்ல இருந்து கார் எடுத்துக்கிட்டு வந்து, டிக்கி நெறைய அள்ளிட்டு, "எம்புட்டு மிச்சம் பண்ணிட்டேன் பாத்தீங்களா"ன்னு போற ஆளைப் பாத்து நீயும் நானும் சிரிச்சிருக்கோம்.

அதே நீ, ராத்திரி பதினோரு மணிக்குப் போர்வைக்குள்ள போனை வச்சுக்கிட்டு, "எம்.ஆர்.பி. 24,990, இன்னைக்கு மட்டும் 7,999"ன்னு ஒரு பொட்டியைப் பாத்ததும், பையன் பரீட்சையில பாஸான கணக்கா எந்திரிச்சு உக்காந்துக்கிற. ஏலேய், அந்தச் சிவப்புக் கோடு யாரு ஊருக் கோடு?

சரி, விலையை விடு. வாட்ஸுக்கு வா. பெட்டி மேல கொட்ட எழுத்துல "பி.எம்.பி.ஓ. 5000 வாட்ஸ்"னு போட்டிருக்குன்னு என்னையக் கூப்பிட்டு வச்சுக் காட்டுன பாரு, அன்னைக்கே சொல்லியிருப்பேன், அக்கா கறிக்குழம்பு ஊத்திக்கிட்டு இருந்துச்சு, வாயைத் திறக்க மனசு வரல. பி.எம்.பி.ஓ.ங்கிறதுக்கு ஊருக்கெல்லாம் பொதுவான விதி கெடையாது மருமகனே. கண்ணிமைக்கிற நேரத்துல, கருகாம, எம்புட்டு உதற முடியும்னு கம்பெனிக்காரன் அவனாப் போட்டுக்கிற கணக்கு அது. மெய்யாலும் நின்னு பாடுற கணக்குக்குப் பேரு ஆர்.எம்.எஸ். அதைப் பொடி எழுத்துல எங்கயாவது மூலையில போட்டிருப்பான், இல்லன்னா போடவே மாட்டான். அதைத் தேடிக் கண்ணு வலிக்க வேண்டாம். செட்டைத் திருப்பு. வயர் உள்ள போற இடத்துக்குப் பக்கத்துல ஒரு சின்னச் சிட்டை ஒட்டியிருக்கும். ஏசி 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ், அதுக்குப் பக்கத்துல 60 வாட்ஸ்னோ 80 வாட்ஸ்னோ இருக்கும். ஈபி லைன்ல இருந்து அந்தப் பொட்டி உறிஞ்சுறது அம்புட்டுதான். அறுபதை வாங்கிக்கிட்டு ஐயாயிரத்தை வெளிய விடுற பொட்டி ஒண்ணு மெய்யாலுமே இருந்தா, கூடங்குளத்தை மூடிட்டு உங்க வீட்டுல இருந்துல்ல லைன் இழுத்திருப்பாங்க?

சத்தத்தை அளக்கிறதுல நமக்கு யாரும் வாத்தியார் வர வேண்டியதில்ல. 1999-ல சர்க்கார் விதி போட்டுச்சு: வெடி வெடிக்கிற எடத்துல இருந்து 4 மீட்டர் தள்ளி வச்சு அளந்தா 125 டெசிபலைத் தாண்டக் கூடாது. அன்னையில இருந்து டெசிபல்ங்கிற வார்த்தை நம்ம ஊர்ல டீக்கடை பெஞ்சு வரைக்கும் வந்து உக்காந்துருச்சு. ஆனா அந்த டெசிபல் கூட்டல் கணக்கு இல்ல, பெருக்கல் கணக்கு. அங்கனதான் உன்னைய மாதிரி ஆளுக வழுக்குறீங்க. 50 வாட்ஸ் செட்டைத் தூக்கிப் போட்டுட்டு 100 வாட்ஸ் வாங்குனா கூடுறது வெறும் 3 டெசிபல். ரெண்டையும் பக்கத்துப் பக்கத்துல வச்சு மாத்தி மாத்திப் போட்டா, "ம், லேசாக் கூடியிருக்கு"ன்னு காது சொல்லும். சத்தம் ரெண்டு மடங்குன்னு தோணணும்னா ஏறக்கொறைய 10 டெசிபல் ஏறணும். அதுக்கு வாட்ஸ் பத்து மடங்கு, அதாவது 500 வேணும். துட்டு ரெண்டு மடங்கு போகுது, சத்தம் ஒரு நூல் ஏறுது. இப்படி ஒரு வியாபாரத்தை விருதுநகர்ப் பஜார்ல ஒரு வத்தல் யாவாரிகிட்ட சொல்லிப் பாரு. எந்திரிச்சு நின்னு கும்பிடுவாரு.

இன்னொண்ணும் இருக்கு. ஸ்பீக்கர்ல 1 வாட்ஸ் குடுத்து 1 மீட்டர் தள்ளி அளந்தா ஒண்ணு 88 டெசிபல் தரும், ஒண்ணு 91 தரும். அந்த 91 கிடைச்சவனுக்கு ஆம்ப்ளிஃபையரை மாத்தாமயே வாட்ஸ் ரெண்டு மடங்கு ஆன கதைதான். இதை எந்த விளம்பரமும் கொட்ட எழுத்துல போடாது. அத்தோட, வீட்டுல நாலு பேரு பேசிக்கிட்டு, காப்பி குடிச்சுக்கிட்டு கேக்கிற சத்தத்துக்கு ஒரு வாட்ஸே தாராளம். மத்தள அடி விழுற நேரத்துக்குக் கொஞ்சம் கையிருப்பு வேணும்தான், இல்லங்கல. மிச்சமெல்லாம் பந்தா. வெடிக்கே ராத்திரி 10 மணிக்கு மேல வாயைக் கட்டிப் போட்ட சுப்ரீம் கோர்ட்டு நாடு இது. குடியிருக்கிற பகுதியில ராத்திரிக்கு விதிச்ச அளவு 45 டெசிபல். நீ பதினொரு மணிக்கு ஹெலிகாப்டர் எறக்குற.

நான் ரேடியோ செட் போட்டுத் திரிஞ்சவன்னு உனக்குத் தெரியும். வயசான ஆளு பழங்கதை பேசுறான்னு ஓடிறாத, இதுல சங்கதி இருக்கு. சாத்தூருக்குக் கெழக்க எந்தக் கிராமத்துல கல்யாணம், காதுகுத்து, சடங்குன்னாலும் வேப்பமரத்து உச்சியில ஏறி குழாயைக் கட்டுறதுதான் முதல் வேலை. சிவகாசியில இருந்து 1922-ல அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தாவுக்குப் போயி தீப்பெட்டித் தொழிலைக் கத்துக்கிட்டு வந்தாங்கள்ல, அதே கல்கத்தாவுல டம்டம்னு ஒரு எடம். அங்கன அச்சான இசைத்தட்டுதான் இங்கன வந்து பாடுச்சு. 1962-ல 'கொஞ்சும் சலங்கை' வந்துச்சு. காருகுறிச்சி அருணாசலம் நாதஸ்வரம், எஸ்.ஜானகி குரல். ரெண்டுல எது குழல், எது குரல்னு தெரியாம ஒண்ணையொண்ணு தொரத்திக்கிட்டு ஓடும். அந்தத் தட்டைப் போட்டா, கம்மாக்கரையில மாடு குளிப்பாட்டுறவன் தண்ணிக்குள்ளயே நின்னுருவான். எதுல போட்டேன்? தகரக் குழாயில. அந்தக் குழாய்க்குக் கனத்த சத்தமே வராது. நீ பாஸ், பாஸ்னு சொல்றியே, அந்தப் பேச்சுக்கே அதுல எடம் இல்ல. ஒரு கெழவனும் எங்கிட்ட வந்து "தம்பி, சப் ஊஃபர் பத்தல"ன்னு சொன்னதில்ல.

அதுக்காகக் குழாயைக் கட்டிக்கிட்டு அழுன்னு சொல்லல. குழாயை விட வால்வ் ரேடியோ நல்லா இருந்துச்சு. தபாலாபீசுல லைசென்ஸ் பணம் கட்டி ரேடியோ வச்சிருந்த காலம் அது. 1963-ல திருநெல்வேலி நிலையம் வந்துச்சு. அதுக்கு முன்னாடியும் பின்னாடியும் நமக்கு இலங்கை வானொலிதான் சொந்தக்காரன். கே.எஸ்.ராஜாவும் அப்துல் ஹமீதும் பேசுற அழகுக்கே பாதிக் கூட்டம் கூடும். அலை வந்து வந்து போகும். முள்ளை ஒரு மயிரிழை திருப்பி, குரல் தெளியுறப்ப ஒரு சந்தோசம் வரும் பாரு, அதை எந்தக் கடையிலயும் விக்க முடியாது.

அப்புறம் கேசட். எண்பதுகள்ல தெருவுக்கு ஒரு ரெக்கார்டிங் சென்டர் இருந்துச்சு. நீ அரைக்கால் சட்டையோட என் சைக்கிள் பாருல உக்காந்து வந்திருக்க, ஞாபகம் இருக்கா? காப்பி நோட்டுத் தாள்ல பாட்டு லிஸ்ட் எழுதிக் குடுக்கணும். "90 வேண்டாம்ணே, டேப்பு மெல்லிசு, சிக்கும். 60-லயே போட்டுத் தாறேன்"னு சென்டர்க்காரரு சொல்லுவாரு. மறாநாளோ அடுத்த வாரமோ கிடைக்கும். பத்துப் பன்னண்டு பாட்டு. அந்தப் பத்துப் பன்னண்டையும் தேயுற வரைக்கும் கேட்டோம்.

நம்ம வீட்டு டெக்குல ஒரு நாள் பாட்டு மந்தமா, கம்பளிக்குள்ள இருந்து பாடுன மாதிரி வந்துச்சு. உங்கப்பா, நல்ல மனுசன், "புதுசு வாங்கிருவோமா மச்சான்"னாரு. உன் நோய் எந்த வழியா வந்ததுன்னு எனக்கு அன்னைக்கே தெரியும்னு வச்சுக்கோ. நான் பஞ்சுல ஸ்பிரிட் தொட்டு ஹெட்டைத் தொடச்சேன். காப்பிக்கொட்டை நிறத்துல அழுக்கு வந்துச்சு. ஹெட்டுக்குப் பக்கத்துல ஒரு குட்டி ஸ்க்ரூ இருக்கும். பாட்டை ஓட விட்டுக்கிட்டே அதைப் பைய, கால் சுத்து கூட இல்ல, அதுலயும் பாதி திருப்புனேன். சலங்கை கண்ணாடியில கொட்டுன மாதிரி ஜல்லுன்னு தெறந்துச்சு பாரு சத்தம். உங்கப்பா வாயைப் பொளந்துட்டாரு. செலவு, ஒரு துளி ஸ்பிரிட். அந்த டெக்கு அதுக்கப்புறமும் வருசக்கணக்கா ஓடுச்சு.

இப்ப உன் வீட்டுக்கு வருவோம். பத்துக்குப் பன்னெண்டு ரூமு. அதுல 5.1 செட்டு. ஒரு ஸ்பீக்கர் பீரோ மேல, மூட்டை முடிச்சோட. ஒண்ணு கதவுக்குப் பின்னாடி. கதவைத் தெறந்தா அது வாயை மூடிக்கும். நடு ஸ்பீக்கருக்கு மேல அக்காவோட மாத்திரை டப்பா. சப் ஊஃபரை மூலையில முட்டுக் குடுத்து வச்சிருக்க. அது அடிக்கிற அடியில அடுக்களையில டம்ளரு பரதநாட்டியம் ஆடுது. இத்தனை ஏற்பாட்டுல நீ கேக்கிறது என்ன? 'அன்னக்கிளி'. 1976. மோனோ. ஒத்தை வழியில பதிஞ்ச பாட்டு. 1978-ல வந்த 'ப்ரியா'வைத்தான் தமிழ்ல ஸ்டீரியோவுக்கு முதல் வரவுன்னு சொல்லுவாங்க. அதுக்கு முந்தின பாட்டையெல்லாம் அஞ்சு பொட்டிக்குப் பங்கு வச்சுப் போடுறதுல உனக்கு என்ன லாபம்? ஒரு ஜானகியம்மாவை அஞ்சு மூலையில நிக்க வச்சு வேடிக்கை பாக்குற.

துட்டு செலவு இல்லாத நாலு சோலி சொல்றேன், செஞ்சு பாத்துட்டு அப்புறம் பேசு. சப் ஊஃபரை மூலையில இருந்து ரெண்டடி வெளிய இழு. மூலைதான் அந்தக் குடுகுடுப்பைக் கூட்டிக் காட்டுது. முன் ஸ்பீக்கர் ரெண்டையும் பீரோ உசரத்துல இருந்து எறக்கி, நீ உக்காந்தா உன் காது எங்க வருதோ அந்த உசரத்துக்கு வை. அப்புறம் ரூமு நடுவுல நின்னு ஒரு கை தட்டு. 'டிய்ங்'னு திரும்பி வருதா? வரும். தரையில டைல்ஸ், சுவத்துல டைல்ஸ், மேல காங்கிரீட். சத்தம் போக எடமில்லாம சுத்திச் சுத்தி வருது. ஒரு கனத்த திரையைத் தொங்க விடு, கீழ ஒரு ஜமுக்காளத்தை விரி, சுவரோரமா மெத்தையைச் சாத்தி வச்சுக் கேட்டுப் பாரு. நீ வாங்குன பொட்டி இப்பதான் உனக்குக் கேக்கவே போகுது.

வயர் சமாச்சாரம் ஒண்ணு. ஆக்சிஜன் இல்லாத தாமிரமாம், நுனியில தங்க முலாமாம், மீட்டர் இம்புட்டு ஆயிரமாம். ரூமுக்குள்ள ஓடுற பத்தடிக்கு நல்ல தடிமனான சாதாச் செப்பு வயரு போதும், முடிச்சை இறுக்கி முறுக்கு. தங்கம் வேணும்னா அக்காவுக்கு வாங்கிக் குடு, காதுல போட்டுக்கும்.

அடுத்தது, தங்கக் கலர்ல "ஹை ரெஸ்"னு ஒரு சிட்டை ஒட்டியிருக்காம், அது இல்லாத செட்டு செட்டே இல்லையாம். லேபிள் போடுற உன்னையே ஒரு லேபிள் கவுத்துருச்சு பாத்தியா! மனுசக் காதுக்கு எல்லை 20 ஹெர்ட்ஸ்ல இருந்து 20,000 ஹெர்ட்ஸ் வரைக்கும். அதுவும் பச்சப்பிள்ளைக் காதுக்கு. 1982-ல வந்த சி.டி.யே அந்த எல்லைக்கு மேல வரைக்கும் புடிச்சு வச்சிருக்கு. உனக்கு நாப்பத்தஞ்சு முடிஞ்சுருச்சு. வருசா வருசம் தீபாவளிக்கு வெடியைக் கையில புடிச்சுத் தூக்கி எறிஞ்ச வீரன் வேற. மேல்கட்டைச் சத்தம் 15,000-க்கு மேல உனக்குக் கேட்டா அது உன் அதிர்ஷ்டம். அதுக்கும் மேல இருக்கிறதையெல்லாம் துட்டுக் குடுத்து வாங்கி யாருக்குப் போட்டுக் காட்டப் போற? கோபுரத்து வவ்வாலுக்கா? அதுக டிக்கெட் எடுக்காதே.

என் வருத்தம் துட்டு இல்ல மருமகனே. நான் உன் வீட்டுக்கு வந்தப்ப எல்லாம் பாத்தாச்சு. ஒரு பாட்டைப் போடுற. பல்லவி வருது. "மாமா, இந்தத் தபலாவைக் கேளுங்க"ங்குற. நிறுத்துற. செட்டிங்குல நோண்டுற. மறுபடி மொதல்ல இருந்து. அப்புறம் கண்ணாடி ஒடையிற சத்தம், மழை பெய்யுற சத்தம், ரயில் போற சத்தம். ரயில் சத்தம் வேணும்னா விருதுநகர் ஜங்ஷனுக்கு வா, பத்து ரூபா பிளாட்பாரம் டிக்கெட்டு. ரெண்டாவது சரணம் வரைக்கும் நீ ஒரு பாட்டைக் கேட்டு எம்புட்டு நாளாச்சு?

இன்னொண்ணு கேக்குறேன், கோவிச்சுக்காத. நாதஸ்வரம் நேர்ல, பத்தடி தள்ளி நின்னு, மைக் இல்லாம கேட்டிருக்கியா? விருதுநகருக்குப் பங்குனிப் பொங்கலுக்கு வந்தா நீ பொருட்காட்சியில ராட்டினத்தைப் பாத்துட்டு, பொரிச்ச புரோட்டாவைத் தின்னுட்டு ஓடிர்ற. மாரியம்மன் கோயில் வாசல்ல நின்னு தவில்காரரு விரல் கூட்டுல இருந்து வர்ற அடியை நெஞ்சுல வாங்குனாத்தான் தெரியும், மெய்யான சத்தம் எதுன்னு. அது தெரியாதவன் எதை வச்சு செட்டை எடை போடுவான்? தராசுப்படியே இல்லாம கடை தெறந்து வச்சிருக்க நீ.

அதனால விருதுநகர்க்காரங்க வழியிலயே உனக்கு ஒரு வைத்தியம். இந்த ஊர்ல பள்ளிக்கூடம் எப்படி வந்துச்சு? யாவாரத்துல இருந்து மகமைன்னு ஒரு பங்கு எடுத்து வச்சாங்க. வீட்டுப் பொம்பளைங்க ஒலை வைக்கிறப்பல்லாம் ஒரு பிடி அரிசியைத் தனியாப் போட்டாங்க. காமராஜர் படிச்ச க்ஷத்ரிய வித்யாசாலா அப்படி வளந்த பள்ளிக்கூடம். நீயும் ஒரு மகமை போடு. புதுச் செட்டைப் பாத்து எச்சில் ஊறுறப்பல்லாம் 100 ரூபாயை ஒரு டப்பாவுல போட்டு, உங்க பிரஸ்ல அடிச்ச தினசரி காலண்டர் தாள்ல அன்னைக்குத் தேதியையும் செட்டுப் பேரையும் எழுதி உள்ள வை. பங்குனிப் பொங்கலுக்குத் தொறந்து பாரு. பாதிப் பேரு உனக்கே ஞாபகம் இருக்காது. மிச்சப் பாதி அதுக்குள்ள பழைய மாடலாகி, பாதி விலைக்கு வந்திருக்கும்.

வாங்கவே கூடாதுன்னு நான் சத்தியம் கேக்கல. மெக்கானிக் கையை விரிச்சுட்டான்னா வாங்கு. ஆனா வால்யூம் திருப்புனா கரகரங்குறதெல்லாம் சாவு இல்ல, அது நம்ம கரிசல் தூசி. கிளீனர் அடிச்சா போயிரும். உம்முன்னு ஒரு ஓசை வந்தா கன்டென்சர் உப்பியிருக்கும், மாத்திக்கலாம். கோன் கிழிஞ்சா கோன் போடலாம், காயில் போனா காயில் சுத்தலாம். அதுக்கு இன்னும் நம்ம பஜார்ல ஆள் இருக்கு.

அப்புறம், தீபாவளிக்கு முன்னாடி நீ ஒரு செட்டை "சத்தம் சரியில்ல"ன்னு பஜார் மெக்கானிக்கிட்ட 2,000 ரூபாய்க்குத் தள்ளிவிட்ட பாரு, அது இப்ப எங்க வீட்டுத் தாழ்வாரத்துல பாடிக்கிட்டு இருக்கு. அவருகிட்ட இருந்து 2,300-க்கு நான் எடுத்தேன். ஒரே ஒரு கன்டென்சர் மாத்துனேன். ஜோராப் பாடுது. நான் சொல்றதையெல்லாம் நீ கேக்கப் போறதில்லன்னு எனக்குத் தெரியும். அதனால ஒண்ணே ஒண்ணு மட்டும் செய்யி: அடுத்ததை விக்கிறப்ப நேரா மாமாவுக்கே போன் போடு. இடையில இருக்கிற ஆளுக்கு 300 ரூபா எதுக்கு?